வயலின் என் பக்கம், தபேலா அவர் பக்கம்

எங்கள் ஆபீஸ் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஓய்வு பெறுகிறார்கள் என்றால், கடைசி நாள் சாயங்காலம் பஸ் அவருடைய வழக்கமான நிறுத்தத்தில் நிற்காது. முன் கண்ணாடிக்கு மேல் மாலையைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுத் தெருவுக்குள் நுழையும். தெரு குறுகலாக இருந்தால் முனை வரைக்குமாவது போகும். எல்லோரும் இறங்கி, அவர் வீட்டில் ஸ்வீட், மிக்சர், காபி என்று ஒரு கை பார்த்துவிட்டு, வசூல் போட்டு வாங்கிய பரிசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். அந்தப் பரிசு என்ன என்று முடிவு செய்வது பக்கத்து சீட்டுக்காரரின் வேலை. வருஷக்கணக்காக தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவருக்குத்தான் ஆளைத் தெரியும் என்பது பஸ்ஸின் கணக்கு.

இந்தத் தடவை ஓய்வு பெற்றவர் என் பக்கத்து சீட்டு. அவரை நான் அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவேன். பஸ்ஸில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

திருப்போரூரிலிருந்து கல்பாக்கம் வரைக்கும் போகிற பஸ் அது. நான் திருப்போரூரில் ஏறுவேன். அண்ணாத்தயும் ஊர் தள்ளி இருந்தாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருப்போரூருக்கே வந்துவிடுவார். நடுவில் ஏறினால் சீட்டு போய்விடும் என்பார். அவர் சீட்டில் வேறு எவனும் உட்காரப்போவதில்லை. ஆனாலும் வருவார். எனக்கு ஸ்டோர்ஸில் வேலை, அவருக்கு ஒர்க்‌ஷாப்பில். ஆபீஸ் கேட்டுக்குள் போய்விட்டால் ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம். எங்கள் பழக்கம் மொத்தமும் அந்த இரண்டு பேர் சீட்டில்தான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன். அண்ணாத்த என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா பாட்டு?"

சொன்னேன். கையை நீட்டினார். நான் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு வலது காதில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து பஸ்ஸில் ஒரு பாட்டை இரண்டு பேராகத்தான் கேட்டோம். ஜன்னலோரம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒயர்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி முகத்தைச் சுளித்தாள். "இன்னொருத்தர் காதுல வச்சத உன் காதுல வைப்பியா?" என்றாள். அவளே ஒரு சிவப்பு நூலை எடுத்து ஒரு பக்கத்து ஒயரில் கட்டிவிட்டாள். நூல் கட்டியது அவருடையது, கட்டாதது என்னுடையது, மாறக் கூடாது என்று உத்தரவு. இடது பக்கம் என்று சின்னதாக எழுத்துப் போட்டிருந்ததில் அவள் நூல் கட்டினாள் என்பதையெல்லாம் அப்போது யார் கவனித்தார்கள்? அதற்குப் பிறகு எத்தனையோ இயர்போன் அறுந்து, எத்தனையோ புதிதாக வாங்கினோம். ஒவ்வொரு தடவையும் முதல் வேலை அதே பக்கத்தில் நூல் கட்டுவது. புது போன்களில் இயர்போன் செருகும் ஓட்டையே இல்லாமல் செய்துவிட்டார்கள், அதனாலேயே நான் பழைய போனை விடாமல் வைத்திருந்தேன். மகள் அதைப் பார்த்தால் சிரிப்பாள்.

எங்களுக்குள் தீராத சண்டை ஒன்று இருந்தது. ஒரு பாட்டு. ஓடாத படத்தில் வந்தது. படம் வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போனதால், ரேடியோவிலும் போட மாட்டார்கள், டிவியிலும் வராது. எப்படியோ என் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு வயலின் வரும். நெஞ்சைப் பிசையும். முதல் நாளே நான் கண்ணை மூடிக்கொண்டு, "அண்ணாத்த, அந்த வயலினு இன்னாமா கீது பாரு" என்றேன்.

"எங்க வயலினு? தபேலாதான் ஓடிகினு கீது. அவன் கைய ஒடைக்கணும், அப்படி வாசிக்கிறான்."

"தபேலாவா? அதுல ஏது தபேலா?"

"நைனா, உனுக்குக் காது அவுட்டு. போயி டாக்டர பாரு."

அவர் சொல்லி நானும், நான் சொல்லி அவரும் நம்பவில்லை. பாட்டு வரும்போதெல்லாம் நான் விரலை ஆட்டி வயலின் வாசிப்பேன், அவர் தொடையில் தபேலா தட்டுவார். வேண்டுமென்றே என்னை வெறுப்பேற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். நீங்கள் கேட்கலாம், வீட்டில் தனியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று. வீட்டில் டிவி ஓடும், குக்கர் கத்தும், அதற்கு நடுவில் பாட்டாவது ஒன்றாவது. பாட்டு என்றால் எனக்கு பஸ்தான். அண்ணாத்த லீவு போட்ட நாட்களில் ஏறியதும் தூங்கிவிடுவேன்.

இன்னொரு சண்டை வெயிலைப் பற்றியது. காலையில் போகும்போது இடது பக்கம் கடல் பக்கம், காற்று வரும், ஜன்னலோரம் உட்காருவதில் ஒரு நியாயம் இருக்கிறது. சாயங்காலம் திரும்பும்போது அதே இடது பக்கம் மேற்கே பார்த்திருக்கும். வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பஸ்ஸில் நாலு சீட்டு காலி இருந்தால் எல்லோரும் நிழல் பக்கம் ஒதுங்குவார்கள். அண்ணாத்த மட்டும் அசைய மாட்டார். அவரோடு நானும் வேக வேண்டும்.

"அண்ணாத்த, அந்தப் பக்கம் நெழலு கீது, வாயேன்."

"வெயிலு ஒடம்புக்கு நல்லது. குந்து."

பூஞ்சேரி கூட்டு ரோட்டில் பஸ் நிற்கும்போது வேர்க்கடலை விற்கிற அம்மா அவர் ஜன்னல் பக்கம் வந்து நின்று கத்துவாள். இவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சரியான கெத்துப் பிடித்த ஆள் என்று அதற்கும் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்த ஆளை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. என் மகள் நாள் ஆவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. நான் இரவெல்லாம் அங்கே இருந்துவிட்டு, காலையில் திருப்போரூர் வந்து குளித்து பஸ் ஏறுவேன். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, போனாலும் மனசு அங்கே நிற்காது. வீட்டில் யாரிடமும் என் பயத்தைச் சொல்ல முடியவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துத்தான் தைரியமாக இருந்தார்கள்.

முதல் நாள் பழக்கத்தில் இயர்போனை எடுத்து அவருடைய பக்கத்தைக் கொடுத்தேன். பாட்டு ஓடியது. நான் என்னையறியாமல் ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறேன். அண்ணாத்த உடனே காதிலிருந்து கழற்றி, ஒயரை விரலில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் என் பக்கம் சாய்த்தார்.

"சொல்லு" என்றார்.

சொன்னேன். கல்பாக்கம் வரும்வரை சொன்னேன். சாயங்காலமும் சொன்னேன். மறுநாளும் ஏறியவுடன் அவராகவே, "கொயந்த எவ்ளோ எட ஏறிச்சி?" என்று கேட்டார். நான் சொன்ன எண்ணை மறுநாள் வரை ஞாபகம் வைத்திருந்து, இன்றைக்குக் கொஞ்சம் கூடியிருந்தால், "ஏறிகினு கீது இல்ல? அவ்ளோதான், வூட்டுக்கு வந்துரும்" என்பார். ஆறுதல் வார்த்தை என்று அதற்கு மேல் எதுவும் அவர் சொன்னதில்லை. கடவுளை வேண்டச் சொல்லவில்லை, நல்லதே நடக்கும் என்று தத்துவம் பேசவில்லை. கேட்டார். அவ்வளவுதான். அந்த நாட்களில் நான் உடைந்துபோகாமல் இருந்ததற்கு அந்த சீட்டுதான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போது அந்தப் பிள்ளை என் பழைய போனைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

ஆகவே இந்தப் பரிசில் மட்டும் நான் சொதப்பக் கூடாது. இதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு சக்கரம் வைத்த சூட்கேஸ், மிக்சி, ஹாட்பேக் செட் என்று கொடுத்து அனுப்பியிருக்கிறோம். எங்கே ஊருக்குப் போகப் போகிறார் என்று அண்ணாத்தயிடம் சூட்கேஸைக் கொடுப்பது? பாட்டு சம்பந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வசூலை முன் சீட்டில் உட்காரும் மேடம் பார்த்துக்கொண்டார்கள். வந்த தொகையில் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கலாம், அல்லது ஒரு சுமாரான ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம். இரண்டும் சேர்த்து வாங்க வழியில்லை.

ஆம்ப்ளிஃபயர் என்ற யோசனை எப்படி வந்தது என்றால், அண்ணாத்த வீட்டு ஹாலில் இரண்டு பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் உண்டு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டில் எனக்கு பிரியாணி. போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். எப்போதோ ஒரு மழை நாளில் இடி இறங்கி, அவற்றை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோனது. மாற்று வாங்கவில்லை. மகள் கல்யாணம், வீட்டு மேல் தளம் என்று செலவு வரிசை கட்டி நின்றது. ஸ்பீக்கர்கள் மேல் அண்ணி பூ வேலை செய்த துணி விரித்து, ஒன்றில் மணி பிளாண்ட்டும் இன்னொன்றில் பேரப்பிள்ளை போட்டோவும் வைத்துவிட்டார்கள்.

நான் ஹெட்போன் பக்கம்தான் சாய்ந்தேன். இதில் எனக்கு ஓர் அற்ப ஆசையும் இருந்தது, நல்ல ஹெட்போனில் கேட்டாலாவது வயலின் இருப்பதை ஒப்புக்கொள்வார் என்று. எது நல்லது என்று போனில் ஆட்கள் பேசுகிற வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். ஒருத்தன் ஹெட்போன்தான் முதலில் என்கிறான், இன்னொருத்தன் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் என்ன ஹெட்போன் வாங்கி என்ன என்கிறான். பார்த்துப் பார்த்து எனக்குத் தலை வலித்தது. "பொண்ணு பாக்கும்போதுகூட இவ்ளோ யோசிக்கல நீ" என்றாள் மனைவி. அந்தப் பேச்சுகளில் ஒருத்தன் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னான். பழைய பாட்டுகளில் சில வாத்தியங்களை ஒரு பக்கத்துக்கும் சிலவற்றை மறு பக்கத்துக்கும் பிரித்துப் போட்டிருப்பார்கள், இரண்டு காதிலும் கேட்டால்தான் பாட்டு முழுசாக வரும் என்றான்.

எழுந்து போய் இயர்போனை எடுத்து, இரண்டு பக்கத்தையும் என் காதிலேயே மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டேன். வலது காதில் என் வயலின். இடது காதில், சிவப்பு நூல் கட்டிய பக்கத்தில், அண்ணாத்தயின் தபேலா. கையை உடைக்க வேண்டும் என்று அவர் சொன்னது நியாயம்தான். அப்படி ஒரு வாசிப்பு. இத்தனை வருஷமாக ஆளுக்குப் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு மல்லுக்கட்டியிருக்கிறோம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மனைவி, "முத்திடுச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முடிவு செய்துவிட்டேன். ஹெட்போன்தான். அண்ணாத்த தலையில் மாட்டி, அந்தப் பாட்டைப் போட்டு, வயலினும் தபேலாவும் ஒன்றாக வரும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அவரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் தலைக்குச் சரியாக உட்கார வேண்டுமே. அண்ணாத்தக்குப் பெரிய தலை. அதனால் ஒரு சனிக்கிழமை, எனக்கு ஒரு ஹெட்போன் வாங்கணும், கூட வா என்று பொய் சொல்லி அவரை என் பைக்கில் செங்கல்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர் மகளும் அங்கேதான் இருக்கிறாள், அப்படியே பேரனைப் பார்த்துவிட்டு ராத்திரி தங்கிக்கொள்கிறேன் என்று உற்சாகமாக வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. ஹெட்போன், ஸ்பீக்கர், உள்ளூரிலேயே செய்த ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வைத்திருந்தார்கள்.

கடைக்காரர் ஒரு ஹெட்போனை எடுத்துக் கொடுத்தார். காதை முழுசாக மூடுகிற வகை. வெளிச் சத்தம் உள்ளே வராது என்று பெருமையாகச் சொன்னார். நான் என் போனைச் செருகிக்கொடுத்து, "அண்ணாத்த, நீ மொதல்ல போட்டுப் பாரு. உனுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றேன். மாட்டிக்கொண்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. நான் நேராக இரண்டாவது சரணத்துக்கே கொண்டுபோய் விட்டேன்.

அவர் புருவம் ஏறியது. கண் விரிந்தது.

"அட! வயலினு கீதுப்பா!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "நீ சொன்னது நெசந்தான்!"

நான் துள்ளிக் குதிக்காத குறை. "நான் சொன்னேன்ல? இப்ப இன்னா சொல்ற?"

அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். முகம் மாறியது. ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"ஆனா தபேலா எங்க போச்சி?"

கடைக்காரர் பதறிவிட்டார். "ஒரு சைடு வரலியா சார்? குடுங்க, பீஸ மாத்தித் தரேன்" என்று வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் நன்றாக வருகிறது என்றார். என்னிடம் கொடுத்தார். நானும் கேட்டேன். வலது பக்கம் வயலின், இடது பக்கம் தபேலா, குறையே இல்லை. குழப்பத்தோடு அண்ணாத்தயைப் பார்த்தேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பீஸுல ஒண்ணும் இல்லப்பா" என்றார். இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இது சும்மா பேருக்குக் கீது. சின்ன வயசுல சீழு புட்சி அப்பவே போயிடுச்சி."

கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். எதுவும் வாங்காமல் வெளியே வந்தோம். எதிரே டீக்கடையில் நின்றோம். கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இத்தினி வருசமா ஏன் அண்ணாத்த சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட?" என்றார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "ஆபீஸ்ல தெரியும். வூட்ல தெரியும். உனுக்கும் தெரியும்னுதான் நெனச்சிகினு கீறேன்."

டீயைக் குடித்துவிட்டு, வயலினைப் பற்றி மறுபடியும் வியந்து, தபேலாவும் உண்மை என்று என்னை ஒப்புக்கொள்ள வைத்து, ஷேர் ஆட்டோ பிடித்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

எனக்குத்தான் இருந்தது. பைக்கில் திருப்போரூர் ரோட்டில் தனியாக வந்துகொண்டிருந்தேன். காடு தொடங்குகிற இடம் வரைக்கும் வண்டி ஓட்டுகிறேன் என்ற நினைப்பே இல்லை. ஒவ்வொன்றாக வந்து மோதியது. வேர்க்கடலை அம்மா கத்தியது அவருக்குக் கேட்டதே இல்லை. சாயங்கால வெயிலில் இடது ஜன்னலோரம் வெந்துகொண்டு உட்கார்ந்தது வெயில் உடம்புக்கு நல்லது என்பதற்காக இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் வலது காது என் பக்கம் இருக்கும். நிழல் பக்க ஜன்னலுக்கு மாறினால் கேட்காத காதுதான் எனக்குக் கிடைக்கும். நான் பேசுவது கேட்க வேண்டும் என்று ஒரு மனிதர் இத்தனை வருஷம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு புலம்பியிருக்கிறேன்.

பிறகு அந்த ஆஸ்பத்திரி நாட்கள். காதிலிருந்து கழற்றி, விரலில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு, "சொல்லு." மற்றவர்களானால் ஒரு காதில் பாட்டை ஓடவிட்டுக்கொண்டு இன்னொரு காதால் என் கதையைக் கேட்டிருக்கலாம். பல பேர் பேச்சை நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பாட்டுக்குக் கொடுத்திருந்ததைப் பிடுங்கி எனக்குக் கொடுத்தார். தினமும் கொடுத்தார். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டு அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. துக்கமாகவும் இல்லை அது. எனக்கு இப்படி ஒரு ஆள் வாய்த்திருக்கிறாரே என்றுதான் இருந்தது.

ஹெட்போனை அன்றைக்கே மறந்துவிட்டேன். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே காதுக்கு அனுப்புகிற வசதி போனிலேயே இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதனால் ஹெட்போன் உதவாது என்று சொல்ல முடியாது. ஆனால் வெளிச் சத்தம் உள்ளே வராது என்று கடைக்காரர் பெருமையடித்தாரே, அதுதான் எனக்குச் சரிப்படவில்லை. ஒரே வாசல் உள்ள வீட்டில் அந்த வாசலிலும் பீரோவைத் தள்ளி வைத்த மாதிரி ஆகிவிடும். அண்ணி சமையலறையிலிருந்து கூப்பிடுவார்கள், பேரன் கூப்பிடுவான், கேட் தட்டுவார்கள். ஸ்பீக்கர் என்றால் வயலினும் தபேலாவும் வீட்டுக் காற்றில் கலந்து எந்தக் காதுக்கு வேண்டுமானாலும் வந்து சேரும். யாராவது கூப்பிட்டால் அதுவும் வந்து சேரும்.

முன் சீட்டு மேடத்திடம், "ஆம்ப்ளிஃபயர்" என்றேன்.

"ஹெட்போன்னு சொன்னீங்க?"

"மாத்திட்டேன் மேடம்."

"அந்த டப்பாவ எப்படிங்க கிஃப்ட் பேப்பர் சுத்தறது? அசிங்கமா இருக்கும்."

சுற்றினோம். அசிங்கமாகத்தான் இருந்தது. அதே கடையில்தான் வாங்கினேன். கடைக்காரர் கொஞ்சம் விலையும் குறைத்து, ஒயர்களையும் சேர்த்துக் கொடுத்தார். அவருக்கும் என் நன்றி.

கடைசி நாள் சாயங்காலம் பஸ்ஸில் பலூன் கட்டியிருந்தார்கள். அண்ணாத்த கழுத்தில் மாலையோடு வந்து வழக்கமான ஜன்னலோரம் உட்கார்ந்தார். கல்பாக்கம் தாண்டியதும் வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. "அண்ணாத்த, இன்னிக்காச்சும் நெழலுக்கு வாய்யா, மாலை வாடிரும்" என்று வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"நாங்க இங்கியே குந்திகினு வரோம்" என்று நான் சொன்னேன். அண்ணாத்த என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் சிவப்பு நூல் பக்கத்தை எடுத்து நீட்டினேன். அவர் ஊர் வரைக்கும் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தோம்.

பஸ் அவர் தெருவுக்குள் ஒருவழியாக நுழைந்தது. அண்ணி ஆரத்தித் தட்டு கிடையாது என்று சொல்லிச் சிரித்து, எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். ஹாலில் நிற்க இடமில்லை. மேடம் பரிசைக் கொடுக்க, அண்ணாத்த பேப்பரைப் பிரித்தார். டப்பாவைப் பார்த்தார். ஸ்பீக்கர்களைப் பார்த்தார்.

"இத்த எதுக்கு இன்னும் வச்சிகினு கீறீங்கன்னு தெனமும் சண்ட போட்டுகினு இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி மணி பிளாண்ட்டைத் தூக்கினார்கள். போட்டோவை ஒருவர் வாங்கிக்கொண்டார். துணியை எடுத்தபோது மரத்தில் தூசி படியாத சதுரம் பளிச்சென்று இருந்தது. நான் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மாறாமல் செருகி, என் பழைய போனை இணைத்தேன். வேறு எந்தப் பாட்டைப் போடுவது?

முதலில் கொஞ்சம் கரகரத்தது. பிறகு பாட்டு ஹாலை நிறைத்துக்கொண்டு வந்தது. அண்ணாத்த மாலையைக்கூடக் கழற்றாமல் நடு ஹாலில் நின்றார். இரண்டாவது சரணம் நெருங்கியதும் நான் அவர் முகத்தையே பார்த்தேன். இவ்வளவு யோசித்தும் ஏதாவது ஒன்று கேட்காமல் போய்விட்டால்? வயலின் வந்தது. அதன் கீழேயே தபேலா வந்தது. அண்ணாத்தயின் விரல்கள் தானாகத் தொடையில் தட்டின. அடுத்த நொடி அவர் இன்னொரு கையைத் தூக்கி, என்னைக் கிண்டல் செய்ய எத்தனையோ தடவை செய்த மாதிரி, காற்றில் வயலின் வாசித்தார்.

"ரெண்டும் வருதுப்பா" என்றார். "ஒண்ணா வருது."

கண் நிறைந்திருந்தது. கேக் தின்றுகொண்டிருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. மேடம், "இன்னா ஆச்சி?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்கள்.

அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. அவர் பக்கத்தில் போனேன். "அண்ணாத்த" என்றேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவருக்கு இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த பாட்டு அது. இன்னும் முடியவில்லை, சரணத்தின் நடுவில் இருக்கிறது. அண்ணாத்த கையை நீட்டி, ஆம்ப்ளிஃபயரின் திருகை மெதுவாகக் குறைத்தார். பாட்டு முணுமுணுப்பாகிற வரை குறைத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு தலையை என் பக்கம் சாய்த்தார்.

"சொல்லு" என்றார்.

எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன். வெயில், ஆஸ்பத்திரி, என் மகளின் எடை எல்லாம். "தேங்க்ஸ் அண்ணாத்த" என்பது மட்டும்தான் வந்தது. அதுவும் சத்தமாக வரவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டிருக்கும். நான் நின்றது அவருடைய வலது பக்கம்.